உருண்டையை மூன்றாவது தடவையும் சுரண்டியாச்சு

கண்ணாடி உருண்டை மறுபடியும் என்னைத் தோற்கடித்துவிட்டது. லியனார்டோ டா வின்சியின் இயேசு ஓவியமான 'சால்வடோர் முண்டி'யைப் பார்த்து வரைய ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. நீல அங்கி முடிந்தது, மார்பின் குறுக்கே போகும் அந்தப் பின்னல் பட்டைகளும் முடிந்தன (அதற்கே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின). இடது கையில் இருக்கும் உருண்டைதான் வழிக்கு வரமாட்டேன் என்கிறது.

முதல் தடவை அதிபுத்திசாலித்தனமாக நிஜக் கண்ணாடிக் கோளம் ஒன்றை வாங்கி, நீலத் துணிக்கு முன்னால் வைத்துப் பார்த்து வரைந்தேன். திடமான கோளம் என்றால் பின்னால் இருக்கும் துணி மடிப்புகள் தலைகீழாகத் தெரிய வேண்டும், தெரிந்தன, அப்படியே வரைந்தேன். படம் பாழ். யார் பார்த்தாலும் கண் நேரே உருண்டைக்குப் போகிறது, முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. லியனார்டோ மடிப்புகளை நேராகவே விட்டிருக்கிறார். ஒளியியல் தெரிந்த மனிதர் ஏன் இப்படிச் செய்தார் என்று இன்னும் சண்டை நடக்கிறது. இர்வைனில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் ஒளியை ஓடவிட்டுப் பார்த்து, அது உள்ளே காலியான கோளமாக இருக்கலாம் என்றார்கள்.

சரி, காலிக் கோளம் என்றே வைத்துக்கொள்வோம் என்று இரண்டாவது தடவை மடிப்புகளை நேராக விட்டு விளிம்பில் மட்டும் வெளிச்சம் கொடுத்தேன். சோப்பு நுரைக் குமிழி மாதிரி வந்தது, கையில் கனமே இல்லை.

அப்புறம்தான் மூலத்தின் பெரிதாக்கிய படத்தில் உள்ளே இருக்கும் புள்ளிகளைக் கவனித்தேன். படிகக்கல்லுக்குள் சிக்கிய குமிழிகள், கனம் வருவது அவற்றால்தான். வெறும் வெள்ளைப் புள்ளி வைத்தால் போதும் என்று நினைத்ததுதான் மூன்றாவது தோல்வி: பூச்சி மொய்த்த பல்பு. எள்ளளவு இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒளி, எதிர்ப்பக்கம் நிழல் வேண்டும். அதையும் ஈரம் காயாத பூச்சின் மேல் வைத்தேன், கலங்கிவிட்டது. நான் வண்ணம் குழைக்கும் வால்நட் எண்ணெய் ஆளிவிதை எண்ணெயைவிட மெதுவாகக் காயும் என்று தெரிந்தும் அவசரம். இதில் போன தடவை வந்த புட்டியில் லேபிள்தான் வால்நட், வாசனை சுத்த ஆளிவிதை. விற்றவர் பதிலே போடவில்லை. இனி அந்தப் பக்கம் போகமாட்டேன்.

இந்த உருண்டையோடு சேர்த்துத்தான் மூல ஓவியம் 2017 நவம்பர் 15 அன்று நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 45.03 கோடி டாலருக்குப் போனது. சுத்தியல் விழுந்தது 40 கோடிக்கு, மிச்ச 5.03 கோடி ஏலக் கட்டணம். 1958இல் இதே பலகை ஓவியம் 45 பவுண்டுக்கு விற்றது என்பதை நினைத்தால் என் சுரண்டலுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அடுத்து வரையப்போவது அமெரிக்க ஓவியர் ரோத்கோவின் 'எண் 6'. 2014இல் 18.6 கோடி டாலர் என்று பேசப்பட்டது. மூன்று நிறம்தானே என்று சிரிப்பவர்கள் அந்த விளிம்புகள் ஒன்றில் ஒன்று கரையும் இடத்தை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும். அதற்கான கான்வாஸை இப்போதே கட்டி வைத்துவிட்டேன், தப்புதான்.

இப்போதைக்கு உருண்டை இருந்த இடம் வெறும் பழுப்பு வட்டம். இந்த தடவை அடிப்பூச்சை மூன்று வாரம் தொடப்போவதில்லை. முகத்தை இன்னும் ஆரம்பிக்கவேயில்லை.