பாதியில் நின்ற விரல்

சரணம் ஆரம்பிக்கும் நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஸ்பீக்கர் சட்டென்று ஊமையானது.

கண்ணை மூடி நாற்காலிக் கைப்பிடியில் தாளம் தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் விரல், தூக்கிய இடத்திலேயே நின்றது. கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை.

புளூடூத்தில் பாட்டு போனுக்கு வந்துதான் ஸ்பீக்கருக்குப் போகிறது, அதனால் அழைப்பு வந்தாலும், போனோடு நாம் இரண்டு சுவர் தள்ளி நடந்தாலும் அறுந்துவிடும். வைஃபை ஸ்ட்ரீமர் என்பது வீட்டு வைஃபையில் பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் பெட்டி. அதில் நேரடி இணைப்பு வசதி இருந்தால் பாட்டை அதுவே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட். ஒலியும் மேல்தான். சுருக்காத சிடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும், வைஃபையில் அது தாராளமாகப் போகும். புளூடூத்தின் அடிப்படை எஸ்பிசி கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, வழக்கமாக 328 கிலோபிட்டுக்குள் சுருக்கிவிடும்.

அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபையர் இன்னும் கணீரென்று பாடுகிறது. அதை ஓரங்கட்ட மாட்டேன். அதன் பின்னாலிருக்கும் ஆர்சிஏ என்ற ஒலி உள்ளீட்டுத் துளையில் சொருகுகிற மாதிரி சின்ன ஸ்ட்ரீமர் பெட்டி போதும். அப்புறம், மென்பொருள் அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்று கேட்டுத்தான் வாங்கப்போகிறேன், அது நின்றால் நல்ல பெட்டிகூடச் செயலிகளோடு ஒட்டாமல் போய்விடும்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன்.

“சரிப்பா, இப்போ அந்தச் சரணத்தை மறுபடி போடு” என்றார்.