பழைய கருவி அனுப்பும் கொழுந்துக் கணக்கு

தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுவையைப் பதியும் கைக்கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஒரு மலையில் சிக்னல் இருக்கும், அடுத்த மலையில் இருக்காது. புதிய பதிப்பை விட்டாலும் மேல் டிவிஷன் கருவி மாதக்கணக்கில் பழையதிலேயே ஓடும். இரண்டும் அனுப்புவதை எங்கள் சர்வர் ஒரே மாலையில் வாசித்தாக வேண்டும்.

பதிவுகளுக்குப் புரோட்டோகால் பஃபர்ஸ் பாவிக்கிறோம். தரவைப் பைட்டுகளாக்கி அனுப்புவதற்குக் கூகுள் 2008இல் திறந்த மூலமாக வெளியிட்ட முறை அது. பதிவில் உள்ள நிறை, மலை நம்பர் போன்ற ஒவ்வொரு தகவலும் ஒரு புலம். புலத்தின் பெயர் பைட்டுகளில் போகாது. மதிப்போடு அதன் இலக்கமும் வகையும்தான் போகும். ஆகவே பெயரை மாற்றலாம், இலக்கத்தைத் தொடக்கூடாது. ஒரு புலத்தை நீக்கினால் அதன் இலக்கத்தை ‘ரிசர்வ்ட்’ என்று பூட்டிவிட வேண்டும். 4ஆம் புலம் முன்பு மலை நம்பராக இருந்தது என்று வையுங்கள். அதை நீக்கிவிட்டு அதே 4ஐ, தண்ணீருக்கென்று நிறையில் கழிக்கும் கழிவுக் கிலோவுக்குக் கொடுத்தால், பழைய கருவி இருக்கும் 7ஆம் நம்பர் மலையில் பறித்தவர்களுக்கு 7 கிலோ கழிந்துவிடும். இரண்டும் முழு எண் என்பதால் பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த 7 கிலோவில் ஒருவருடைய முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், அரைப்பேர் ஆகலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது பூச்சியம். புரோட்டோகால் பஃபர்ஸின் மூன்றாம் வடிவமான புரோட்டோ3இல் சாதாரண எண் புலத்தின் மதிப்பு பூச்சியமாக இருந்தால் அது அனுப்பப்படுவதே இல்லை. தண்ணீருக்கென்று இன்று எதுவும் கழிக்கவில்லை என்பதும், கழிவைப் பதியவே தெரியாத பழைய கருவி என்பதும் சர்வருக்கு ஒன்றுதான். “என் கொழுந்துல எவ்வளவு கழிச்சீங்க?” என்று ஓர் அக்கா கேட்டால், ‘ஒன்றும் கழிக்கவில்லை’ என்பது வேறு, ‘பதிவில்லை’ என்பது வேறு. புரோட்டோகால் பஃபர்ஸில் 2021இல் வந்த 3.15 பதிப்பிலிருந்து ‘ஆப்ஷனல்’ என்று குறித்தாலே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். கழிவுப் புலத்துக்கு அது கட்டாயம் வேண்டும் என்று நின்றேன்.

அப்புறம், பைட்டுகள் சரியாக வாசிக்கப்பட்டாலும் கணக்கு பிசகலாம். பழைய கருவியில் ‘நிறை’ என்றால் கழிவு போக மிஞ்சியது. மொத்த நிறையும் வேண்டும் என்று வந்தபோது, அதே புலத்தில் போட்டால் என்ன என்ற யோசனை எழுந்தது. அதைத் தொடாமல் மொத்தத்துக்குப் புது இலக்கம் கொடுத்தோம். பொருள் மாறியதை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துச் சொல்லாது.

ஒவ்வொரு பதிப்பும் எழுதிய பைட் கோப்புகளைச் சேர்த்து வைத்து, கோட் மாறும்போதெல்லாம் அவற்றை வாசித்துப் பார்க்கிறோம். பழைய கருவிகள் ஒழிந்த பிறகும் இந்தச் சோதனையை நிறுத்தக்கூடாது என்பது என் பிடிவாதம். ஓய்வுபெறும் ஒருவர் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் சந்தேகம் கேட்டு வரும்போது, அவர் அன்று பறித்த கிலோக்கள் அந்தப் பழைய வடிவத்தில்தான் இருக்கும்.