எந்தப் பக்கமும் பேசத் தெரிந்தவர்

உயர்தர வகுப்பில் படித்தபோது கல்லூரி விவாத அணிக்கு நான்தான் தலைவன். ஒருமுறை ‘கல்வியே மனிதனை உயர்த்தும்’ என்று பேச இரண்டு கிழமை ஆயத்தம் செய்துகொண்டு போனோம். சீட்டுக் குலுக்கியதில் எதிர்ப்பக்கம் விழுந்தது. அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுப் பேசி வென்றோம்.

திங்கட்கிழமை முதற்பாடம் தமிழ். பண்டிதர் ஐயா உள்ளே வந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

“நல்லாய்ப் பேசினீராம் தம்பி. உமக்குள்ள எந்தப் பக்கம் சரியெண்டு படுது?”

என்னிடம் பதில் இல்லை. அவரும் மேலே கேட்கவில்லை. திரும்பி நின்று கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். ‘கல்லாத பேர்களே நல்லவர்கள் நல்லவர்கள்...’

தாயுமானவர் பாடல். எங்கள் பாடத்திட்டத்தில் இல்லாதது. வரி வரியாக எழுதி நிறுத்தி நிறுத்திப் பொருள் சொன்னார். நல்லவர்கள் ஞானத்தைப் பற்றிச் சொன்னால் கர்மமே முக்கியம் என்று நாட்டுவேன். ஒருவன் கர்மம் என்றால் ஞானமே முக்கியம் என்பேன். வடமொழி வல்லவன் வந்தால் தமிழில் வாதம் செய்வேன். தமிழ் அறிஞர் வந்தால் வடமொழி வசனம் கொஞ்சம் எடுத்துவிடுவேன். வெண்கட்டி ஒவ்வொரு வரியாக இறங்க இறங்க எனக்குக் காது சூடேறியது. கடைசியில், எவரையும் மருட்டிவிடுகிற இந்த வித்தை ‘முத்தி தருமோ’ என்ற இடத்தில் அவர் பொருள் சொல்லவில்லை. வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

அப்புறம்தான் அந்தப் புலவரின் கதையைச் சொன்னார். 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனையில் கணக்குப் பார்த்தவர் கேடிலியப்ப பிள்ளை. திருச்சி மலைக்கோட்டையில் கோயில் கொண்ட சிவனின் பெயரான தாயுமானவர் என்பதையே மகனுக்கு வைத்தார். மகன் தமிழும் வடமொழியும் கரைகண்டு, தகப்பனுக்குப் பிறகு அந்தப் பதவியிலும் இருந்தார். அப்படிப்பட்டவர் அதே மலைக்கோட்டையில் மௌனகுரு என்ற துறவியைக் கண்டு, உடனேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் பின்னால் போக நின்றார். குரு கூட்டிக்கொண்டு போகவில்லை. ‘சும்மா இரு’ என்றார். இல்லறத்தில் இருந்துவிட்டு வா என்றும் சொன்னார் என்பார்கள். தாயுமானவர் கல்யாணம் செய்து, ஒரு பிள்ளை பிறந்து, மனைவி இறந்த பிறகுதான் துறவு.

இந்த இடத்தைத்தான் நான் இத்தனை வருசமாக விடாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். குரு ஒரு தத்துவத்தைச் சொல்லியிருந்தால் அதற்கும் எதிர்ப்பக்கம் பேசத் தெரிந்தவர் அவர். ‘சும்மா இரு’ என்பதற்கு எதிர்ப்பக்கம் எது? நோய் எதுவென்று பார்த்துக் கொடுத்த மருந்து அது. அந்த மருந்தும் ஒரே நாளில் வேலை செய்யவில்லை. மதயானையை வசப்படுத்தலாம், கரடி, புலி வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், ஆனால் ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது’ என்று அவரே பாடியிருக்கிறார். இதற்காகவே அவரிடம் எனக்குப் பெரிய மரியாதை.

அந்தப் பாட்டு எழுதிய கொப்பி 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் போய்விட்டது. பாட்டு மனப்பாடம்.

2003இல் ஊருக்குப் போனபோது பண்டிதர் ஐயாவைப் பார்க்கப் போனேன். விறாந்தையில் சாய்வுக் கதிரையில் இருந்தார். வெளிநாட்டு வேலை, பிள்ளைகள், இங்கே நாங்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று நான் ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் புறப்பட எழும்பினேன்.

“இப்பவும் விவாதம் பேசுறீரோ?”

“இல்லை ஐயா.”

“அப்ப கொஞ்சம் இரும். தேத்தண்ணி வரட்டும்.”

இருந்தேன். தேத்தண்ணி வந்து ஆறும்வரை நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.