சிறுவாணித் தண்ணி கொன்னுது, உப்புத் தண்ணி காப்பாத்துச்சு

கோயமுத்தூர்க்காரன்கிட்ட போயி சிறுவாணித் தண்ணிய கொறை சொன்னீங்கன்னா அதுக்கப்புறம் அவன் உங்கள மனுசனாவே மதிக்க மாட்டான். நானும் அப்படிப்பட்ட ஆளுதான், வெளியூருல இருந்து ஒரம்பர வந்தா மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுத்துட்டு அவங்க குடிச்சு முடிக்கற வரைக்கும் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பேன். உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணின்னு சொல்லிக்குவோம், யாரு அளந்தா, மொத எடம் யாருக்குன்னெல்லாம் யாரும் கேக்கப்படாது.

அந்தத் தண்ணிதான் டேங்க்ல அழகுக்கு வளத்தற என்ற ஷ்ரிம்ப்ப, அதான் குட்டி இறால, கொன்னுச்சு. பத்துல ஒம்போது.

ஆசாரத்துல, அதான் ஊட்டு ஹால்ல, ஒரு ரெண்டடி டேங்க் இருக்குதுங்க, அம்பது லிட்டரு சொச்சம் பிடிக்கும். கப்பி மீன் வளத்தி வளத்தி அலுத்துப் போயி எல்லாத்தையும் பக்கத்தூட்டுப் பையனுக்கு குடுத்துட்டு, செவப்பு செர்ரி ஷ்ரிம்ப் பத்து வாங்கிட்டு வந்தேன், ஒண்ணு நாப்பது ரூவா. அப்ப அமுச்சியும், எங்கம்மாவோட அம்மா, எங்கூட்லதான் இருந்தாங்க. கவர்ல நீந்துனத பாத்துட்டு "ஏங்கண்ணு, நானூறு ரூவாய்க்கு இவ்வளவுதானா, இத கொழம்பு வெச்சா எத்தன பேருக்கு ஆகும்"னு கேட்டாங்க. வளக்கறதுக்குன்னு சொன்னேன், சித்தெ நேரம் என்னையவே பாத்துட்டு உள்ள போயிட்டாங்க.

அவசரப்பட்டெல்லாம் வாங்கலீங்க. கப்பி இருந்த டேங்க், ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒரு வருசமா ஓடிட்டு இருந்துது, கழிவ செரிக்கற பாக்டீரியா எல்லாம் நல்லா செட் ஆயிருந்துது, ஜாவா மாஸ்ங்கற பாசி பொதராட்டம் வளந்து கெடந்துது. தண்ணிய ஒரு நாள் பக்கெட்டுல புடிச்சு வெச்சு குளோரின் போனதுக்கப்புறந்தான் ஊத்துனேன், அதுவும் சுத்த சிறுவாணி. நம்ம கொழந்தைக்கு என்ன குடுக்கறமோ அதத்தான குடுக்கறோம்னு ஒரு பெருமை வேற.

மொத வாரம் ஒண்ணும் ஆகல. ரெண்டாவது வாரம் ஒண்ணு செத்துது, அடுத்த ரெண்டு நாள்ல இன்னொண்ணு, அதுக்கப்புறம் இன்னொண்ணு. மொத்தமா செத்திருந்தா விசம்னு நெனச்சிருப்பேன், இது தவண கட்டற மாதிரி ஒவ்வொண்ணா போகுது. கழிவுல இருந்து வர்ற அம்மோனியா விசமான்னு பாத்தா அதுவும் சைபர். நாலாவது செத்தப்பதான் எடுத்து வெளிச்சத்துல வெச்சு பாத்தேன், தலைக்கும் ஒடம்புக்கும் நடுவுல சுத்தியும் ஒரு வெள்ளக் கோடு. ஷ்ரிம்ப் வளக்கறவங்க இதுக்கு ஒயிட் ரிங் ஆஃப் டெத்துன்னு பேரே வெச்சிருக்காங்க, எனக்கு அப்ப தெரியாது.

விசயம் என்னன்னா, இதுக வளரணும்னா பாம்பு மாதிரி சட்டை உரிக்கணும். ஓடு பெருசாகாது, அதனால பழச கழட்டிப் போட்டுட்டு புதுசு மாட்டிக்கும். நல்லா இருக்கற ஷ்ரிம்ப்புக்கு கழுத்துக்கு மேல ஒரு எடத்துல மட்டும் வெடிப்பு விடும், அது வழியா ஒரே துள்ளு, வெளிய வந்துரும், கண்ண சிமிட்டுனா பாக்க முடியாது. ஓடு சரியில்லைன்னா சுத்தியும் வெடிச்சுக்கும், தல ஒரு பக்கம் ஒடம்பு ஒரு பக்கம் மாட்டிட்டு வெளிய வரமுடியாம அப்படியே போயிரும். ஓடு நல்லா கட்டறதுக்கு கால்சியமும் மெக்னீசியமும் வேணும், அதுல பெரும்பகுதிய தண்ணியில இருந்துதான் எடுக்கும். தண்ணியில அது எவ்வளவு இருக்குன்னு சொல்றதுதான் ஜிஎச்.

ஜிஎச் கிட் வாங்கி சிறுவாணித் தண்ணியில சொட்டு விட்டேன். ஒரே சொட்டுல கலரு மாறிப் போச்சு. அப்படின்னா ஜிஎச் ஒண்ணுதான். செர்ரிக்கு ஆறுல இருந்து எட்டு வேணும். தண்ணியில மொத்தம் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர விட்டா 42 காட்டுது, இதுகளுக்கு 150க்கு மேல 250க்குள்ள இருந்தா சுகம். மலையில பேஞ்ச மழ, காட்டுக்குள்ளயே ஓடி அணையில நின்னு கொழாய்க்கு வருது, அதுல என்ன உப்பு இருக்கப் போகுது. நம்ம நாக்குக்கு எது ருசியோ அதுதான் ஷ்ரிம்ப்புக்கு பட்டினி.

இதுக்கு கடையில மினரல் பவுடரு விக்கறாங்க, ஒரு சின்ன டப்பா வெலைய பாத்துட்டு மூடி வெச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி குளிக்கப் போனப்பதான், பாத்ரூம் பக்கெட்டு ஓரமெல்லாம் வெள்ளையா சுண்ணாம்பாட்டம் உப்பு பூத்திருக்கறத பாத்தேன். இருவது வருசமா அம்மா அத தேச்சு தேச்சு திட்டிட்டு இருக்கறது. கீசருல காயில் போறதுக்கும், தலமுடி கொட்டறதுக்கும், பருப்பு வேகாததுக்கும் எல்லாத்துக்கும் எங்கூட்ல ஒரே காரணந்தான், போரு தண்ணி. அந்த வெள்ளைதான கால்சியம்! சோப்புத் தலையோட யோசிச்சுட்டு நின்னேன்.

ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளி கொழாயில போரு தண்ணிய புடிச்சு மீட்டர விட்டா 1350. கணக்கு போட்டேன். பதினாறு லிட்டரு பக்கெட்டுல ரெண்டு லிட்டரு உப்புத் தண்ணி, அதான் போரு தண்ணி, பதினாலு லிட்டரு சிறுவாணி. கலக்கி மீட்டர விட்டா 206, கணக்குல வந்ததும் கிட்டத்தட்ட அதேதான். சொட்டு விட்டுப் பாத்தா ஜிஎச் ஆறு. ஒரு ரூவா செலவில்லாம.

இத படிச்சுட்டு நீங்களும் ரெண்டுக்கு பதினாலுன்னு ஊத்தீராதீங்க, உங்க போரு வேற எங்க போரு வேற. டிடிஎஸ் மீட்டரு மொத்தம் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு மட்டுந்தான் சொல்லும், கரைஞ்சது கால்சியமா வெறும் சோத்து உப்பான்னு அதுக்குத் தெரியாது, ஜிஎச் கிட்டும் வெச்சு பாக்கணும். ஃபேக்டரி பக்கம், ஒரம் எச்சா போடற தோட்டத்துப் பக்கம் இருக்கற போருன்னா நான் தொடவே மாட்டேன். அப்புறம் டேங்க் தண்ணிய ஒரே நாள்ல மாத்தக்கூடாது, திடீர்னு மாத்துனாலே பயந்து நேரங்காலம் இல்லாம சட்டை உரிக்க ஆரம்பிச்சுரும். வாரம் ஒருக்கா ஒரு பத்து சதவீதம், ஏர் டியூப்ல முடிச்சு போட்டு சொட்டு சொட்டா விட்டேன். இன்னொண்ணு, வெயில்ல தண்ணி வத்தும்போது வெறும் தண்ணிதான் ஆவியாகும், உப்பு உள்ளயேதான் இருக்கும், அதனால வத்துனதுக்கு ஊத்தறது மட்டும் சுத்த சிறுவாணி. இது புரியாம கலந்த தண்ணியவே ஊத்தி ஊத்தி ஒரு தடவ 340 வரைக்கும் ஏத்திட்டேன்.

மிச்சமிருந்த ஒத்த ஷ்ரிம்ப் இதெல்லாம் தாண்டி பொழச்சுது. அதுக்குத் தொணையா இன்னும் பதினஞ்சு வாங்கி விட்டேன். மொதத் தடவ நல்லா உரிச்ச சட்டை மாஸ் மேல கெடந்தப்ப என்ற சம்சாரம் செத்துப் போச்சுன்னு எடுத்து வெளிய போட்டுட்டா. கண்ணாடியாட்டம் இருக்கும், மீசை கால் எல்லாம் அப்படியே இருக்கும், யாரு பாத்தாலும் ஏமாந்துருவாங்க. அத எடுக்கக்கூடாது, அதுகளே தின்னு அந்தச் சத்த திரும்ப எடுத்துக்கும்.

கொஞ்ச நாள்ல பொட்டைகளுக்கு கழுத்துக்குப் பின்னாடி மஞ்சளா ஒரு சேணம் தெரிய ஆரம்பிச்சுது, சேடில்னு சொல்றாங்க, அது சினைப்பையில இருக்கற முட்டை. ஒரு நாள் பொழுதோட வந்து பாத்தா டேங்க்ல மாரியம்மன் நோம்பி. ஆம்பளைக எல்லாம் மேலயும் கீழயும் பித்துப் புடிச்ச மாதிரி சுத்துதுக. பொட்டை ஒண்ணு சட்டை உரிச்சா ஒரு வாசம் விடும், அதுக்குத்தான் இந்த ஓட்டம். மறாநாள் அது வயித்துக்கு அடியில முட்டைய கட்டிட்டு ஒக்காந்திருந்துது, எண்ணுனதுல இருவத்திநாலு. வயித்துக்குக் கீழ இருக்கற குட்டிக் கால்ல எந்நேரமும் விசிறிட்டே இருக்கும், காத்தோட்டம் இல்லைன்னா முட்டை பூஞ்ச புடிச்சுரும்.

மூணு நாலு வாரம் ஆகும் பொரியறதுக்கு. கொழம்புக்கு வாங்கற பெரிய நன்னீர் இறாலுக்கு குஞ்சு பொழைக்க உப்பு கலந்த தண்ணி வேணும், புழுவாட்டம் இருந்துட்டு பல தடவ உருமாறி அப்புறந்தான் இறாலாகும். செர்ரிக்கு அந்த வெசனமே இல்லீங்க, பொரியும்போதே மீசையோட முழு ஷ்ரிம்ப், அளவு மட்டும் ரெண்டு மில்லிமீட்டரு. என்ற பாப்பாதான் மொதல்ல பாத்தா. கண்ணாடியில ஒரு முடியாட்டம் ஒட்டிட்டு இருந்துச்சு, நான் கண்ணாடி போட்டும் பாக்க முடியல.

நடுவுல ஒரு கேவலமும் நடந்துது, சொல்லிர்றேன். கீரை வேக வெச்சு போட்டா நல்லா திங்கும்னு, மார்க்கெட்டுல வாங்குன கீரைய ரெண்டு தடவ அலசி வேக வெச்சு ராத்திரி போட்டேன், காலையில ஆறு மல்லாக்க கெடந்துது. பூச்சிய கொல்ற மருந்துக்கு பூச்சி எது ஷ்ரிம்ப் எதுன்னு தெரியுமா, ரெண்டும் ஒரே வம்சந்தான, நமக்கு ஒண்ணும் பண்ணாத அளவே அதுகளுக்கு போதும். அன்னையில இருந்து பொடக்காளி முருங்க எலையும், காஞ்சு விழுந்த நாட்டு வாதாம் எலையும் மட்டுந்தான். ஆசாரத்துல கொசுபத்தி, ஸ்ப்ரே எல்லாம் நிறுத்தியாச்சு, நாங்க கொசுக்கடி வாங்கிக்கறோம்.

சித்திர வெயில்ல தண்ணி 31 வரைக்கும் போச்சு, பழைய கம்ப்யூட்டரு ஃபேன் ஒண்ண தண்ணி மேல வீசற மாதிரி கட்டுனதுல மூணு டிகிரி எறங்குச்சு. அந்த ரெண்டு மாசம் யாரும் முட்டை போடல. பாலக்காட்டுக் காத்து வீச ஆரம்பிச்சதும் ஒரே நேரத்துல அஞ்சு பொட்டை முட்டையோட நின்னுதுக. இப்ப எண்ண முடியல, நூத்துக்கு மேல இருக்கும். நீலக் கலரும் வாங்கி அதே டேங்க்ல விடலாம்னு ஆச வந்துது, விடல, ரெண்டும் ஒரே இனங்கறதால சேந்து குட்டி போட்டு நாலு தலமொறையில மண்ணு கலருல வந்து நிக்கும்.

போன வாரம் பல்லடத்துல இருந்து மாமா பையன் வந்தான், அவனுக்கும் ஆச வந்துருச்சு, இருவது கேட்டான். அவங்க ஊட்ல போரு தண்ணி மட்டுந்தான், போன்ல மீட்டரு போட்டோ அனுப்புனான், 1900. அதனால அவனுக்கு ஆர்ஓ கேன் தண்ணிதான் சிறுவாணி, ஆர்ஓ பத்துக்கு போரு ஒண்ணுன்னு ஆரம்பிச்சு ஜிஎச் பாத்துட்டு கூட்டிக் கொறச்சுக்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்போதைக்கு என்ற ஃபில்டருல இருந்து பாதி ஸ்பாஞ்ச வெட்டி ஒரு போசியில போட்டு குடுத்தனுப்பியிருக்கேன், மொதல்ல அவன் டேங்க்ல பாக்டீரியா செட் ஆகட்டும், ஷ்ரிம்ப் ஒரு மாசம் கழிச்சுத்தான் குடுப்பேன். கோவிச்சுக்கிட்டுதான் பஸ் ஏறுனான்.