கழிப்பறைக்கும் காருக்கும் நடுவில்

நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த எங்கள் வரவேற்பு நிலையத்துக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கழிப்பறையைத் தேடி வந்தவர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. அவர்கள் உள்ளே போகும்போது யாரையும் பார்க்க மாட்டார்கள். வெளியே வரும்போதுதான் முகத்தில் ஒரு நிதானம் வந்திருக்கும், சுவரில் இருக்கும் பெரிய வரைபடம் கண்ணில் படும். கழிப்பறைக் கதவிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை நடக்கிற அந்த ஒரு நிமிஷம்தான் எங்களுடையது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து மேற்கே வந்து சபீன் ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் டெக்சஸ். இறங்கியதும் வருகிற முதல் ஊருக்கு ஆரஞ்ச் என்று பெயர். அங்கே ஐ-10 நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற மாநில வரவேற்பு நிலையத்தில்தான் சில வருஷம் கவுண்டரில் நின்றேன். பயண ஆலோசகர் என்று பதவிக்குப் பெயர். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அப்படின்னா வழி சொல்றவளா?" என்று கேட்டாள். ஆமாம், அதுதான்.

என் கணவருக்கு அந்தப் பக்கத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. பையன் கல்லூரிக்குப் போன பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, விண்ணப்பம் போட்டேன். மதுரைக்காரியை டெக்சஸ் வாசலில் நிறுத்தி "வாங்க, வாங்க" சொல்ல வைப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்ட முதல் விஷயம், இந்த நிலையங்களை நடத்துவது மாநிலப் போக்குவரத்துத் துறை என்பது. சாலை போடுகிறவர்களே வழியும் சொல்கிறார்கள். டெக்சஸ் தனிநாடாகி நூறு வருஷம் ஆனதை 1936-இல் பெரிய விழாவாகக் கொண்டாடினார்கள். அதற்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்ட அப்போதைய நெடுஞ்சாலைத் துறை ஆரம்பித்த ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது. இதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே, 1935-இல், மிச்சிகன் மாநிலம் நியூ பஃபலோ என்ற எல்லை ஊரில் இப்படி ஒன்றைத் திறந்திருக்கிறது. அமெரிக்காவில் அதுதான் முதல். டெக்சஸ்காரர்களிடம் இதைச் சொன்னால் அவ்வளவாக ரசிப்பதில்லை.

நிலையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பச்சைப் பலகை உண்டு. போமாண்ட் 23, எல் பாசோ 857 என்று போட்டிருக்கும். மைல் கணக்கு. எல் பாசோ டெக்சஸின் மேற்குக் கோடி ஊர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பவும் சென்னைக்கே வந்தால் எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு. நடுவில் மாநிலம் மாறாது. மைல் எண்கள் மேற்கே நியூ மெக்சிகோ எல்லையில் தொடங்கி எங்கள் பக்கம் 880-இல் முடியும். "இன்னிக்கு ராத்திரிக்குள்ள டெக்சஸைத் தாண்டிடலாமா?" என்று தினமும் யாராவது ஒருவர் கேட்பார். வரைபடத்தை விரித்து எல் பாசோவில் விரலை வைப்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில்தான் எங்கள் வேலை ஆரம்பம்.

தாண்ட முடியாது என்று தெரிந்துவிட்டால் எங்காவது தங்கத்தான் வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. ஐ-10 ஓரமாக ஏதோ ஒரு மோட்டலில் படுத்துவிட்டு விடியற்காலையில் கிளம்புகிறவருக்கும், ஒரு ஊரைப் பார்த்து, அங்கே சாப்பிட்டு, அங்கேயே ஒரு ராத்திரி தங்குகிறவருக்கும் செலவு வேறு. டெக்சஸில் ஹோட்டல் அறை வாடகையில் 6 சதவீதம் மாநில வரி. நகரமும் மாவட்டமும் அதற்கு மேல் போடும், ஹூஸ்டனில் எல்லாம் சேர்ந்து 17 சதவீதம். மாநிலத்துக்கு வருகிற அந்த வரியில் ஒரு பங்கு சுற்றுலா விளம்பரத்துக்கே திரும்பிப் போகிறது. இலவச வரைபடமும் இலவசப் பயணக் கையேடும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதில் பாதி பதில் இருக்கிறது.

நாங்கள் எதையும் விற்கக் கூடாது. மாநிலங்களை இணைக்கிற இன்டர்ஸ்டேட் சாலைகளை ஒட்டிய ஓய்விடங்களில் வியாபாரம் கூடாது என்பது 1956 முதல் மத்தியச் சட்டம். சாலை ஓரத்து ஊர்களில் இருக்கிற கடைக்காரர்களின் பிழைப்பு கெடக் கூடாது என்ற எண்ணம். 1980-களில் தானியங்கி விற்பனை இயந்திரங்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அவற்றை நடத்துவதிலும் பார்வையற்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு. டீக்கடை இல்லாத நெடுஞ்சாலை நிறுத்தத்தை நம் ஊர்க்காரர்களால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஊரிலிருந்து வந்த என் மாமனார் நிலையத்தை முழுசாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, வடை எங்க?" என்றார்.

எதையும் விற்காததால் ஒரு நன்மை. எங்களை ஜனங்கள் நம்பினார்கள். இந்த ஹோட்டல் நல்லது, அந்த ஹோட்டல் மோசம் என்று நாங்கள் சொல்வதில்லை. ஊரைச் சொல்வோம், புரோஷர் ரேக்கைக் காட்டுவோம். அந்த ரேக்கில் ஹூஸ்டன் விண்வெளி மையமும் சான் அன்டோனியோவும் தானாகவே காலியாகும். சின்ன ஊர்ப் புரோஷர்கள் அடுக்கின மாதிரியே இருக்கும். போமாண்டில் ஸ்பிண்டில்டாப் என்ற மேட்டில் 1901 ஜனவரி 10-ஆம் தேதி எண்ணெய் பீறிட்டுக் கிளம்பியது. அந்தப் பக்கத்து ஆலைகள், நான் அங்கே குடி வந்தது, எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான். அதற்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, அரை மணி நேர தூரத்தில். யாரும் கேட்க மாட்டார்கள். நான் தினமும் காலையில் அந்தப் புரோஷரை எடுத்துக் கண் உயரத்தில் வைப்பேன். இது விதிமீறலா என்று இன்று வரை யாரிடமும் கேட்டதில்லை.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மரப்பாலம் சதுப்புக் காட்டுக்குள் போகும். தண்ணீருக்குள் வேர் விட்டு நிற்கும் சைப்ரஸ் மரங்கள், கறுத்த தண்ணீர், தவளைச் சத்தம். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் பத்தடி நடந்ததும் பாதியாகிவிடும். குழந்தைகளோடு வந்தவர்களை முதலில் அங்கேதான் அனுப்புவேன். முதலை இருக்குமா என்று கேட்பார்கள், இருக்கலாம் என்பேன். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது அவசரம் குறைந்திருக்கும், கவுண்டரில் சாய்ந்து நின்று பேசுவார்கள். அதிகமான வரைபடங்களை நான் கொடுத்தது அப்படித் திரும்பி வந்தவர்களுக்குத்தான்.

மற்றவர்கள் ஹைலைட்டரால் கோடு போடுவதோடு விட்டுவிடுவார்கள். நான் போக வேண்டிய பகுதி மேலே தெரிகிற மாதிரி மடித்துக் கொடுப்பேன். மாநில வரைபடம் ஒரு சின்ன மேஜை விரிப்பு அளவு இருக்கும். ஓடுகிற காருக்குள் அதை விரித்தால் குடும்பத்தில் சண்டை நிச்சயம்.

நான் அடிக்கடி கோடு போட்ட வழி ஒன்று. நேராக ஹூஸ்டனுக்கு ஓட்டாமல், வின்னி என்ற ஊரில் ஐ-10-ஐ விட்டுத் தெற்கே 124-ஆம் எண் சாலையில் திரும்பினால் ஹை ஐலண்ட் வரும். ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டிப் பறந்து வருகிற சின்னப் பறவைகள் களைத்துப்போய் அங்கே இருக்கிற மரங்களில் இறங்கும். பைனாகுலரோடு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அங்கிருந்து கடலை ஒட்டியே 87-ஆம் சாலையில் போலிவர் முனை வரை போய், காரோடு படகில் ஏறினால் 18 நிமிஷத்தில் கால்வெஸ்டன் தீவு. படகுக்குக் கட்டணம் கிடையாது, அதுவும் எங்கள் துறை நடத்துவதுதான். இலவசம் என்று சொன்னதும் முகம் மலராத ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. கால்வெஸ்டன் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிடும். அப்புறம் யார் ஹூஸ்டனுக்கு ஓட்டுவார்கள்?

இந்த வழியில்தான் நான் ஒரு தப்பும் செய்தேன். சேர்ந்த புதிது. போர்ட் ஆர்தரைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன ஒரு வயதான தம்பதிக்கு, அங்கிருந்து சபீன் பாஸ் போய், 87-ஆம் சாலையிலேயே கடலோரமாக ஹை ஐலண்டுக்குப் போய்விடலாம் என்று கோடு போட்டுக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் 87 என்ற எண்ணைப் பார்த்து, நடுவிலும் சாலை இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நடுவில் சாலை இல்லை. கடல் அரித்து அரித்து, 1990 வாக்கிலேயே மூடிவிட்டார்கள். சாயங்காலம் போன் வந்தது. அந்த அம்மா திட்டவில்லை. "கண்ணு, உன் ரோட்டைக் கடல் தின்னுட்டது உனக்குத் தெரியுமா?" என்கிற மாதிரி இங்கிலீஷில் கேட்டார். அதை அவர் கேட்ட விதத்துக்குத் திட்டியிருந்தாலே தேவலை. போர்ட் ஆர்தருக்கே திரும்பி, 73-ஆம் சாலை பிடித்து வின்னி வரை சுற்றிப் போகச் சொன்னேன். அடுத்த விடுமுறை நாளில் கணவரைக் கூட்டிக்கொண்டு அந்த மூடிய முனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நான் போகாத வழியை யாருக்கும் கோடு போட்டுக் கொடுத்ததில்லை. கைப்பேசியில் வழி தெரியும் காலத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். என் தப்பையே எனக்குச் சாதகமாகச் சொல்கிறேன் என்று சக ஊழியர் கிண்டல் செய்வார்.

நல்ல நாளில் சுற்றுலா. புயல் நாளில் இதே கவுண்டரில் வேறு கேள்வி. சாலை நிலவரம் கேட்கிற இலவச எண்ணுக்கு வருகிற அழைப்புகளையும் பயண ஆலோசகர்கள்தான் எடுப்பார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழை கொட்டித் தீர்த்தபோது போமாண்டைச் சுற்றி ஐ-10 பல இடங்களில் தண்ணீருக்குள் போனது. "ஆஸ்பத்திரியில் அப்பா இருக்கார், எந்த வழி திறந்திருக்கு?" என்று கேட்கிறவரிடம் என்ன புரோஷரைக் கொடுப்பது? திறந்த வழி ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் வழி சொல்வதுதான் என்று அந்த வாரம் பழகிக்கொண்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனமில்லை.

குப்பைப் பைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "டோன்ட் மெஸ் வித் டெக்சஸ்", அதாவது டெக்சஸோடு வம்பு வேண்டாம், என்று பனியனிலும் கார் பின்னாலும் பார்த்திருப்பீர்கள். டெக்சஸ்காரன் மீசையை முறுக்குகிறான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது சாலையில் குப்பை போடாதே என்று 1980-களின் நடுவில் எங்கள் துறை ஆரம்பித்த பிரசாரம். அந்த வாசகம் அச்சடித்த குப்பைப் பையைச் சும்மா கொடுப்போம். வேறு மாநிலத்து இளைஞர்கள் அதில் குப்பை போடாமல், நினைவுப் பொருளாகப் பத்திரமாக மடித்து எடுத்துப் போவார்கள்.

வேலையில் ஒரு குறை இருந்தது. நாங்கள் அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியவே தெரியாது. நாங்கள் இருப்பது வாசலில். ஊர் திரும்புகிறவர்கள் எதிர்ப்பக்கச் சாலையில் வேகமாகப் போய்விடுவார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்த மாநிலம் என்று தினமும் கணக்கு எழுதுவோம். அவர்களில் எத்தனை பேர் நாங்கள் சொன்னதைக் கேட்டு ஒரு ராத்திரி அதிகமாகத் தங்கினார்கள் என்பதற்குக் கணக்கு ஏது?

ஒரு வெள்ளிக்கிழமை ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. முந்தின ராத்திரி வழியில் எங்கோ தங்கியிருக்கிறார்கள். பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வழி என்று கணவன் இங்கிலீஷில் கேட்டான். ஹூஸ்டனுக்குத் தெற்கே 1982-இல் கட்டிய கோயில் அது, எங்கள் கவுண்டரில் நம் ஊர் முகங்கள் அதிகம் கேட்பது அதைத்தான். "மதுரைக்காரிகிட்டயே மீனாட்சிக்கு வழி கேக்கறீங்களே தம்பி" என்றேன். பின்னால் நின்ற அவன் மனைவி, "ஐயோ ஆன்ட்டி, நீங்க தமிழா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சனி, ஞாயிறு கோயில், திங்கள் விடுப்பு, அன்றே திரும்பி ஓட்டுவது என்று திட்டம். கோயில் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும், இன்றைக்குப் படகில் போங்கள் என்று கோடு போட்டு, மடித்து, அவர்களுடைய நாலு வயசுப் பையன் கையில் கொடுத்தேன். அவன்தான் மேப் பார்க்கிறவன் என்று ஒப்பந்தம்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பொடியன் ஓடி வந்தான். நிலையத்துக்காகவே சாலையை விட்டு இறங்கியிருக்கிறார்கள்.

"ஆன்ட்டி, கப்பல்ல ஒரு பறவை என் முறுக்கத் தூக்கிட்டுப் போயிடுச்சு!"

"ராத்திரி எங்கம்மா தங்கினீங்க?" என்று அவளிடம் கேட்டேன்.

"கால்வெஸ்டன்லதான் ஆன்ட்டி. ஒரு நாள்னு போனோம், ரெண்டு நாள் இருந்துட்டோம். கோயிலுக்கு நேத்துதான் போனோம்."

கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திணித்தாள். கோயில் புளியோதரை. அவர்கள் போன பிறகு, லூசியானாவில் பிறந்து மிளகாயிலேயே வளர்ந்த என் சக ஊழியர் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்த டபாஸ்கோ மிளகாய்ச் சாஸ் பாட்டிலை எடுக்காமலே அடுத்த கரண்டிக்குக் கை நீட்டினார். நான் தினக் கணக்குத் தாளை எடுத்தேன். ஜார்ஜியா, மூன்று பேர். உள்ளே வருகிறவர்களுக்குத்தான் அதில் கட்டம் இருந்தது. பரவாயில்லை என்று அதிலேயே எழுதினேன்.