வாட் கணக்கும் மைக் கணக்கும்

கரோக்கி நிகழ்ச்சிகளுக்கும் டிஜே நிகழ்ச்சிகளுக்கும் ஒலியமைப்பு செய்து வருகிறவன் என்பதால், இந்தத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் பலர் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. கேட்கிறவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி மாறுவதில்லை: எத்தனை வாட் பவர்டு மிக்சர் வாங்கலாம்? பல ஒலிகளைக் கலக்கும் மிக்சரையும் அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரையும் (சுருக்கமாக ஆம்ப்) ஒரே பெட்டிக்குள் அடக்கியிருப்பதுதான் பவர்டு மிக்சர். தமக்குள் ஆம்ப் இல்லாத பாஸிவ் ஸ்பீக்கர்களின் வயரை அதன் பின்புறத்தில் நேரடியாகச் செருகிவிடலாம்; தனி ஆம்ப் வேண்டாம், அதற்கொரு ரேக் வேண்டாம், இரண்டையும் இணைக்கும் வயர்களும் வேண்டாம். உதவியாளர் இல்லாமல் தனியாக வேலை செய்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் அனுபவத்தில் வாட் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எத்தனை பேர் மைக்கைப் பிடிக்கப் போகிறார்கள், பாட்டு எந்தக் கருவியிலிருந்து வரப்போகிறது, நிகழ்ச்சி நடக்கும்போது நம் கை எந்தக் குமிழை அடிக்கடி தேடும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு பார்த்தால், பல மாடல்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

முதலில் கேட்கப்படுவது வாட் என்பதால் அதையே முதலில் முடித்துவிடுகிறேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் பீக் வாட். அதாவது கண நேரத்துக்கு மட்டும் வெளிவரக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு அதில் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஆம்ப் சேனல்களின் வாட்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுகிறவர்களும் உண்டு. அந்த எண் எத்தனை ஓம் சுமைக்கு (ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையின் அளவுதான் ஓம்) சொல்லப்பட்டது என்பதோ கையேட்டின் கடைசிப் பக்கத்தில்தான் கிடைக்கும். 4 ஓம் சுமையில் 500 வாட் தரும் சேனல், 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் மாட்டினால் ஏறக்குறைய 300 வாட்தான் தரும். அதே சேனலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாக மாட்டினால் சுமை 4 ஓம் ஆகிவிடும், முழு வாட்டும் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் சத்தம் வேண்டுமென்று மேலும் இரண்டை அதே சேனலில் மாட்டினால் சுமை 2 ஓமுக்கு இறங்கிவிடும். 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று குறிப்பிட்டிருக்கும் கருவி அப்போது சூடேறி, பாதுகாப்புச் சுற்று இயங்கி, பாட்டின் நடுவே வாயை மூடிக்கொள்ளும்.

இதைவிட முக்கியமான இன்னொரு கணக்கு இருக்கிறது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது சற்றே கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபெல் ஏற வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி என்ற எண்ணை யாரும் கேட்பதில்லை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதே அது. 91 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 1000 வாட் கொடுத்து எடுக்கும் சத்தத்தை, 97 டெசிபெல் ஸ்பீக்கர் 250 வாட்டிலேயே கொடுத்துவிடும். ஆகவே பெரிய மிக்சருக்காக ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஸ்பீக்கருக்குத் திருப்புவது பல நேரங்களில் லாபம். இதைச் சொன்னால் கேட்பவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரியும். ஸ்பீக்கர் வாங்குவதில் இல்லாத ஏதோ ஒரு கவர்ச்சி, குமிழ்கள் நிறைந்த பெட்டியை வாங்குவதில் இருக்கிறது போலும்.

டிஜே, கரோக்கி என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும். டிஜேவுக்கு வேண்டியது இரண்டு பாட்டுகளுக்கிடையே வழுக்கிச் செல்லும் க்ராஸ்ஃபேடர், அடுத்த பாட்டை மற்றவர் கேட்காமல் ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்க்கும் க்யூ பொத்தான், பேசும்போது பாட்டைத் தானாகத் தாழ்த்தும் டாக்ஓவர், இசைத்தட்டு சுழற்றுகிறவராக இருந்தால் ஃபோனோ உள்ளீடு. இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் மட்டுமே; தட்டில் பதியும்போது குறைத்துப் பதித்த தாழ்வொலிகளைத் திரும்ப உயர்த்தி, கூட்டிப் பதித்த மேலொலிகளைத் தாழ்த்தும் ஆர்ஐஏஏ சமன்பாட்டுச் சுற்றும் அதற்கு வேண்டும். மேடைக்கென்று செய்யப்படும் வழக்கமான பவர்டு மிக்சரில் இவற்றில் எதுவும் இருக்காது. கணினியில் ஓடும் பாட்டுகளைக் கையால் இயக்கும் கன்ட்ரோலர் என்ற பலகையோடு என்னுடன் வேலைக்கு வந்த இளம் டிஜே ஒருவர் மிக்சரை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல க்ராஸ்ஃபேடர் எங்கண்ணே?" என்று கேட்டார். "அது உன் கன்ட்ரோலர்லயே இருக்குப்பா. ரெண்டு பாட்டையும் அங்கேயே கலந்து, ஒரு ஸ்டீரியோவா இங்க அனுப்பு" என்றேன். அதுதான் சரியான ஏற்பாடும்கூட. டிஜே வேலையைக் கன்ட்ரோலரோ டிஜே மிக்சரோ செய்யட்டும். பவர்டு மிக்சர் அதற்கு ஒரு ஸ்டீரியோ சேனலை ஒதுக்கி, மைக்குகளைச் சேர்த்து, ஸ்பீக்கருக்கு அனுப்பினால் போதும்.

அந்த ஸ்டீரியோ சேனல் எப்படிப்பட்டது என்பதில்தான் கவனம் வேண்டும். விலை குறைந்த மாடல்களில் கணினி, தொலைபேசி போன்றவற்றுக்கென்று ஒரு ஜோடி ஆர்சிஏ துளைகளும் ஒரே ஒரு அளவுக் குமிழும் மட்டும் இருக்கும். பேஸ், ட்ரெபிள் எதையும் அதில் தொட முடியாது. கரோக்கி ட்ராக்குகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் தயாரானவை. ஒன்றில் பேஸ் உறுமும், அடுத்ததில் மேலொலி காதைக் குத்தும். பேஸையும் மேலொலியையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ தனித்தனியாக உள்ள ஸ்டீரியோ சேனல்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று ட்ராக்குக்கு, மற்றொன்று இடைவேளைப் பாட்டுக்கு. முதன்மைக் கணினி சண்டித்தனம் செய்யும்போது மாற்றுக் கருவியை மாட்டவும் அந்த இரண்டாவது சேனல்தான் கைகொடுக்கும்.

கரோக்கியின் உண்மையான சோதனை மைக் சேனல்களில் நடக்கிறது. மேடைப் பாடகருக்கு மைக் பிடிக்கத் தெரியும். கரோக்கிக்கு வருகிறவர் வாழ்க்கையில் முதல் முறையாகக்கூடப் பிடிக்கலாம். ஒருவர் மைக்கை மார்புக்கு நேரே வைத்துக்கொண்டு முணுமுணுப்பார். அவர் இறங்கியதும் ஏறுகிறவர் அதையே உதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு உச்சஸ்தாயியில் கத்துவார். இருவருக்கும் இடையே நமக்குக் கிடைப்பது சில நொடிகள். அதனால் மைக் ஒலியை உள்ளே நுழையும்போதே எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிக்கும் கெய்ன் குமிழ் எட்டும் இடத்தில் இருக்கிறதா, பாடுகிறவர் குரல் அளவை மீறும்போது சிவக்கும் விளக்கு சேனலுக்குச் சேனல் தனியாக இருக்கிறதா, அளவுக்குச் சுழலும் குமிழா மேலும் கீழும் நகரும் ஃபேடரா என்பவை வாட்டைவிடப் பல மடங்கு முக்கியம். நான் ஃபேடர் பக்கம்தான். நான்கு மைக்குகளின் நிலையை ஒரே பார்வையில் சொல்லிவிடும். சத்தமான குரலைத் தானாகத் தாழ்த்தும் ஒற்றைக் குமிழ் கம்ப்ரஸர் மைக் சேனல்களில் இருக்கும் மாடல் கிடைத்தால், மற்ற வசதிகள் ஒன்றிரண்டு குறைந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளலாம். முணுமுணுப்பவருக்கும் கத்துகிறவருக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைப் பாதியாவது அது நிரப்பும்.

அடுத்து ஊளை. பாடுகிறவர்களில் பலர், குறிப்பாக ராப் பாட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள், மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பார்கள். பக்கவாட்டு, பின்புற ஒலிகளைத் தள்ளிவிடுவதற்காக மைக்கின் தலைக்குப் பின்னே வைத்திருக்கும் திறப்புகள் அப்போது அடைபட்டுவிடும். ஒரு திசையில் மட்டும் கேட்ட மைக் எல்லாத் திசைகளிலும் கேட்கத் தொடங்கும். ஸ்பீக்கர் ஒலி திரும்ப உள்ளே புகுந்து ஊளையிடும். மைக்கின் நடுப்பகுதியைப் பிடிக்கச் சொல்வது முதல் மருந்து. அவர் கேட்காதபோது கைக்கு எட்டுவது மிக்சரின் முகப்பில் இருக்கும், ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்துக் கூட்டிக் குறைக்கும் கிராஃபிக் ஈக்யூ. ஆனால் ஏழு பட்டைகள் கொண்ட ஈக்யூவில் ஊளையிடும் இடத்தை மட்டும் கிள்ளியெடுக்க முடியாது. அதைச் சுற்றிய ஒரு பெரிய பகுதியும் சேர்ந்தே வெட்டுப்பட்டு, பாட்டின் உயிரும் குறைந்துபோகும். ஊளையைத் தானே கண்டுபிடித்துக் குறுகிய வெட்டுப் போடும் வசதி சில கருவிகளில் உண்டு. கரோக்கிக்கே பெரும்பாலும் பயன்படுத்தப் போகிறவர் அதைத் தேடி வாங்கலாம். மைக் சேனலில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ-கட் பொத்தானும் அவசியம். மைக்கைக் கைமாற்றும் தடதடப்பும் மூச்சு மோதும் 'பொம்' ஒலியும் அதில் பெருமளவு அடங்கிவிடும்.

எக்கோ இல்லாமல் கரோக்கி இல்லை. தன் குரலுக்குப் பின்னால் ஒரு மண்டபம் விரிந்தால்தான் பாடுகிறவருக்குத் தைரியம் வரும். பெட்டிக்குள் 99 எஃபெக்ட் இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை, பயன்படுவது நான்கைந்துதான். அவர் பாட்டை முடித்து நன்றி சொல்லத் தொடங்கும்போது எக்கோவை ஒரே அழுத்தில் நிறுத்த முடிகிறதா என்பதைத்தான் பார்க்கிறேன். கால் சுவிட்ச் மாட்டும் துளை இருந்தால் நல்லது. இதே வரிசையில் வருவது, மைக்குகளை மட்டும் ஒட்டுமொத்தமாக அடக்கிவிட்டு இடைவேளைப் பாட்டைத் தொடரவிடும் பொத்தான். மேசை மேல் கிடக்கும் மைக் ஒன்று யாருடைய சொந்தப் பேச்சையோ அரங்குக்கு ஒலிபரப்புவதை அது தடுக்கும்.

இரண்டு ஆம்ப் சேனல் உள்ள பவர்டு மிக்சர்கள் பலவற்றில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் இரண்டும் இடது, வலது என ஸ்டீரியோவாக இயங்கும். மறுபக்கம் தள்ளினால் ஒன்று அரங்குக்கு மோனோவாகவும், மற்றொன்று பாடுகிறவர் பக்கம் திரும்பியிருக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்காகவும் பிரிந்துவிடும். விற்பனையாளர்கள் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. கரோக்கிக்கு நான் பெரும்பாலும் இரண்டாவது நிலையைத்தான் பயன்படுத்துகிறேன். அரங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்டீரியோ எப்படியும் முழுதாகக் கேட்பதில்லை. பாடுகிறவருக்கு ட்ராக் தெளிவாகக் கேட்காவிட்டாலோ தாளமும் சுருதியும் கைவிட்டுப் போகும்.

ப்ளூடூத் இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இடைவேளைப் பாட்டுக்கு அது போதும். ட்ராக்கை அதன் வழியே அனுப்பினால், ஒலி பத்தில் ஒரு நொடி முதல் கால் நொடி வரை தாமதமாக வரக்கூடும். திரையில் ஓடும் வரிகள் முந்திக்கொள்ளும், வரியைப் பார்த்துப் பாடுகிறவர் ஒவ்வொரு அடியிலும் அவசரப்படுவார். ட்ராக்குக்கு வயர்தான். கணினியின் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற உறுமல் எழுந்தால், மிக்சரைக் குறை சொல்வதற்கு முன் இடையில், நேரடி மின்தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். சிறிய மிக்சர்களில், சில வகை மைக்குகளுக்காக வயர் வழியே அனுப்பப்படும் 48 வோல்ட் ஃபான்டம் பவர் எல்லா மைக் துளைகளுக்கும் ஒரே சுவிட்சில் போய்ச் சேரும். அது ஏறியிருக்கும்போது கணினியின் ஹெட்ஃபோன் வயரை ஏதோ ஒரு அடாப்டர் போட்டு மைக் துளையில் செருகுவது கணினிக்கு ஆபத்து.

டிஜே வேலையே முதன்மை என்பவருக்கு நான் பவர்டு மிக்சரைப் பரிந்துரைப்பதில்லை. நடனப் பாட்டின் உயிர் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அடியொலியில் இருக்கிறது. அதைக் குரலுக்கான ஸ்பீக்கர்களின் தலையில் ஏற்றினால் ஆம்பும் திணறும், ஸ்பீக்கரும் திணறும். அடியொலிக்கென்றே உள்ள சப்வூஃபர் வேண்டும், ஒலியைப் பிரிக்கும் க்ராஸ்ஓவர் வேண்டும், சப்புக்கு என்று தனி ஆம்ப் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது, எல்லாம் ஒரே பெட்டிக்குள் என்ற வசதி கரைந்துவிடுகிறது. ஆம்பைத் தம்முள்ளேயே கொண்ட ஆக்டிவ் ஸ்பீக்கர்களும், அதே வகை சப் ஒன்றும், சாதாரண மிக்சரும் அவருக்குப் பொருத்தம். இதில் இன்னொரு நன்மை, ஒரு ஸ்பீக்கரின் ஆம்ப் போனாலும் மற்றது பாடிக்கொண்டிருக்கும். பவர்டு மிக்சரில் மின்வழங்கிப் பகுதி போனால் எல்லாமே போய்விடும். எனவே பவர்டு மிக்சர் வாங்குகிறவரும், மிக்சரின் ஒலியை ஆம்புக்குள் போகாமல் நேரடியாக வெளியே எடுக்கும் லைன் அவுட் துளைகள் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக்டிவ் சப் ஒன்றைப் பின்னாளில் சேர்க்கவும், உள்ளிருக்கும் ஆம்ப் மட்டும் பழுதாகும் நாளில் மிக்சர் பகுதியையாவது பயன்படுத்தவும் அதுதான் வழி.

ஸ்பீக்கர் துளைகள் ஸ்பீக்கான் வகையாக இருக்கட்டும். திருகினால் பூட்டிக்கொள்ளும், யாராவது வயரில் கால் இடறினாலும் கழன்றுவராது. பழைய கால் அங்குல ஜாக்கை, கருவி ஓடும்போது செருகினால் முனைகள் ஒரு கணம் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகும். கிதார் வயரும் பார்வைக்கு அதே ஜாக்தான் என்பதால் அதை எடுத்து ஸ்பீக்கருக்கு மாட்டுகிறவர்கள் உண்டு. அதனுள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்தைத் தாங்குவதற்கானதல்ல.

வாங்கப் போகும்போது நம்முடைய கணினியையும், நாம் நிகழ்ச்சியில் பயன்படுத்தும் அதே மைக்கையும், நன்றாகத் தெரிந்த இரண்டு ட்ராக்குகளையும் கையோடு எடுத்துப் போவது வழக்கம். பாட்டை நிறுத்திவிட்டு, மைக் கெய்னைப் பாடும் அளவுக்கு ஏற்றி வைத்து, ஸ்பீக்கருக்கு அருகில் காதைக் கொண்டுபோனால் அடியில் ஓடும் இரைச்சல் எவ்வளவு என்று தெரியும். மின்விசிறியின் சத்தத்தையும் அப்போதே கேட்டுவிடலாம். அரங்கில் அது காணாமல் போகும், சிறிய அறையில் மெல்லிய பாட்டுக்கு இடையே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு கடையின் விளக்கை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்வேன். கரோக்கி அரங்குகள் பெரும்பாலும் இருட்டானவை. குமிழின் தலையில் இருக்கும் கோடு அந்த வெளிச்சத்தில் தெரியவில்லையென்றால், எந்த மைக் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை இரவு முழுவதும் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.