இரண்டு ரோல் கூடை

நவம்பர் 17

கிறிஸ்துமஸ் கேக்குக்குத் திராட்சையை ஊறப்போட்டுவிட்டேன். கறுப்புத் திராட்சை 200 கிராம், கிஸ்மிஸ் 200, பேரீச்சம்பழம் 100, செர்ரி ஒரு கைப்பிடி, இஞ்சி முரப்பா இரண்டு துண்டு, ஆரஞ்சுத் தோல். தோலை வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவ வேண்டும், ஒட்டினால் கசக்கும். எல்லாம் மூழ்கும்வரை ரம். பெரிய ஊறுகாய் ஜாடியில் போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். தினமும் ஒரு முறை குலுக்க வேண்டும்.

அக்டோபரிலேயே போட்டிருக்க வேண்டியது. அக்டோபரில் எதையும் போடவில்லை.

நவம்பர் 18

மழை. அம்மா பகலில் மூன்று மணி நேரம் தூங்கினாள். ஜாடியைக் குலுக்கினேன்.

நவம்பர் 20

மாத்திரை வாங்கப் போனவள் கூடை பின்ன ஒயரும் வாங்கி வந்தேன். கரும்பச்சை ஒரு ரோல், சந்தன நிறம் ஒரு ரோல். பிரித்தவுடன் வரும் அந்தப் புது பிளாஸ்டிக் மணம் வீட்டை முப்பது வருடம் பின்னால் கொண்டுபோய்விட்டது. அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். "சாவி" என்றாள்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்கு எல்லாமே சாவிதான். தண்ணீர் சாவி, போர்வை சாவி, தம்பியும் சாவி. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. சொல்ல நினைத்த சொல் வாய்க்கு வரும்போது சாவியாகிவிடுகிறது. அது அவளுக்கும் தெரிகிறது. அதனால்தான் சொன்னவுடன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

ஆனால் இன்று திருப்பவில்லை. ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 21

இரண்டு ரோல் கூடைக்கு வெட்டு ஒயர், அதாவது துண்டாக வெட்டிக்கொள்ளும் ஒயர், நான்கு முழம். இது அம்மாவின் கணக்கு. அவள் டேப் வைத்து அளந்ததே இல்லை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, எப்போதும் வலக்கையில்தான். அவள் முழம் 17 அங்குலம். என் முழம் 18. அதனால் நான் பின்னும் கூடைகள் எல்லாம் அவள் கூடைகளைவிட உயரமாகப் போய்விடும். "கூடையா, கிணற்று வாளியா?" என்று கேட்பாள்.

இந்தக் கூடை அம்மா அளவில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒயரை எடுத்துக்கொண்டுபோய் அவள் வலக்கையில் வைத்து அளந்தேன். விரல்கள் மடங்கிக்கிடக்கின்றன. முழங்கையிலிருந்து மடங்கிய மொளி வரை பதின்மூன்றரை அங்குலம்.

ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டேன். இன்று வெட்டவில்லை.

நவம்பர் 22

முழத்துக்கு 17 அங்குலம் என்றே வெட்டினேன். பழைய அளவுதான் அளவு.

நவம்பர் 24

அடிப்பாகம் முடிந்தது. பிஸ்கட் நாட் என்கிற முடிச்சு போடலாமா என்று யோசித்து, கடைசியில் சாதா நாட்டிலேயே நின்றுவிட்டேன். சாதா நாட்டில் கை தானாக ஓடும். கண்ணைக் கட்டிலின் மேல் வைத்திருக்கலாம். ஒவ்வொரு நாட்டையும் இழுத்து இறுக்கும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் ஒயர் அறுக்கும் இடம் இரண்டு நாளில் சிவந்துவிட்டது. சின்ன வயதில் அம்மாவின் விரலில் அதே இடத்தில் ஒரு தடிப்பு இருந்தது. நேற்றுப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது. அவள் பின்னுவதை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நவம்பர் 26

சித்தி போன் செய்தாள். "அக்கா இப்படிக் கிடக்கிறாள், உன் வீட்டில் கேக் மணம் தெருவரை வருகிறதாமே."

வந்ததுதான். வெள்ளிக்கிழமை ஆரஞ்சு கேக் சுட்டேன். பிசியோதெரபி தம்பிக்கு ஒரு துண்டு, எதிர்வீட்டு அக்காவுக்கு இரண்டு துண்டு கொடுத்தேன். மழையில் உப்பளத்தில் வேலை கிடையாது, ஜனவரி கடந்தால்தான் பாத்தி கட்டுவார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் சித்தி சொன்னது நாள் முழுக்க நெஞ்சில் கிடந்தது. சரி, எழுதியே விடுகிறேன். எனக்கு இதில் சந்தோஷம் இருக்கிறது. வெண்ணெயும் சர்க்கரையும் மஞ்சள் நிறம் போய் வெளுத்து, கரண்டியில் எடுத்தால் பஞ்சுபோல் நிற்கிற அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பக்கத்து அறையில் அம்மா படுத்திருக்கும்போதும் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு மாத்திரை, ஏழு மணிக்குத் துடைத்துவிடுதல், கூழ் பதத்தில் சாப்பாடு, பத்து மணிக்குப் பயிற்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தல். இவற்றுக்கு நடுவில் கிடைக்கும் நாற்பது நிமிடத்தில் நான் அழுதுகொண்டிருந்தால் சித்திக்கு நிம்மதியாக இருக்குமா? அழுது பார்த்துவிட்டேன். அக்டோபர் முழுக்க அதைத்தான் செய்தேன். அம்மாவின் ஒரு விரலும் அதனால் அசையவில்லை.

அம்மாவுக்குக் கூடை பின்னுவது ஒரு நாளும் பொழுதுபோக்காக இருந்ததில்லை, அதுதான் என்னைக் குடைகிறது. 1991-இல் ஒரு கூடைக்கு 12 ரூபாய் கூலி. ஒயர் கட்டு கூலி கொடுக்கிறவர்களிடமிருந்து வரும், கூடை அவர்களிடமே போகும். ராத்திரி பதினோரு மணிவரை குண்டு பல்பின் கீழே உட்கார்ந்து பின்னுவாள். நாட் ஒன்று தளர்ந்திருந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். நூற்றுக்கணக்கில் கூடை பின்னிய வீட்டில் எங்களுக்கென்று ஒரு கூடை இருந்ததில்லை. நான் சோற்று வாளியைத் துணிப்பையில் வைத்துத்தான் பள்ளிக்கூடம் போனேன்.

எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் ஒரு நாள் ஆசைக்காக ஒயர் வாங்கிவந்து பின்ன உட்கார்ந்தேன். அம்மா நின்று பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டாள். யாருக்கும் இல்லை, சும்மா என்றேன். அந்தச் 'சும்மா'வை அவள் நெடுநேரம் புரிந்துகொள்ளப் பார்த்தாள்.

பார்க்கிறவர்கள் எல்லாம் விற்கலாமே என்கிறார்கள். கேக்கை விற்கலாம், கூடைக்கு இப்போது நல்ல விலை, வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்கிறார்கள். விற்று வாழ்கிறவர்களை நான் மதிக்கிறேன், அம்மா அப்படித்தான் எங்களைப் படிக்கவைத்தாள். நான் விற்கமாட்டேன். அவள் கெடுவுக்குப் பின்னியதை நான் கெடு இல்லாமல் பின்ன வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பத்து வரிசையையும் பிரித்துவிட்டு மறுபடி பின்ன வேண்டும்.

சித்திக்குக் கிறிஸ்துமஸ் கேக் அனுப்புவேன். எப்போதும் போல ஒரு கிலோ.

நவம்பர் 27

ஜாடி. குலுக்கினேன். ரம்மைத் திராட்சை குடித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

நவம்பர் 29

மக்ரூன் தோற்றுப்போனது.

நான்கு முட்டையின் வெள்ளை, சர்க்கரை 200 கிராம், முந்திரி 200 கிராம், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. வேறொன்றும் கிடையாது, அதனால்தான் ஏமாற்றவும் முடியாது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலோ மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலோ நுரை எழும்பாது. அது சரியாகத்தான் வந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்தேன், அசையவில்லை. முந்திரியை நிறுத்தி நிறுத்தித்தான் அரைத்தேன், ஒரேயடியாக அரைத்தால் எண்ணெய் விட்டு நுரையைக் கொன்றுவிடும். காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் கூம்பு கூம்பாக வைத்து, 110 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் விட்டு, அடுப்பை அணைத்து உள்ளேயே ஆறவிட்டேன். காலையில் எடுத்தபோது தட்டினால் ஓசை வந்தது. வெளியே சந்தன வெள்ளை, உள்ளே தேன்கூடு.

மதியத்துக்குள் ஒட்டத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் தொட்டால் விரலோடு வந்தது. காற்று முழுக்கத் தண்ணீர். சர்க்கரை சும்மா இருக்குமா, இழுத்துக்கொண்டது. நம் ஊர் பேக்கரிக்காரர்கள் விறகு அடுப்பின் தணிந்த சூட்டில் இரவெல்லாம் போட்டுவைப்பார்கள், ஆறியவுடன் பையில் அடைத்துவிடுவார்கள். நான் அம்மாவைத் துடைத்துவிடப் போனேன். டப்பாவில் போடாமல் போனேன்.

நல்ல வேளையாகவோ என்னவோ, அம்மாவுக்கு மக்ரூன் இன்னும் கூடாது. பொடியும் பண்டம் எதுவும் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தூத்துக்குடியில் பிறந்து அறுபத்தெட்டு வருடம் வாழ்ந்தவளுக்கு மக்ரூன் கூடாது.

டிசம்பர் 1

பதின்மூன்றரை.

டிசம்பர் 3

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

சுற்றுச்சுவர் மூன்றாவது வரிசை. ரோலிலிருந்து வெட்டாமல் ஓடும் ரன்னிங் ஒயரை ஒவ்வொரு வெட்டு ஒயரிலும் கோத்து நாட் போட்டுக்கொண்டு வரும்போது எண்ணுவது என் வழக்கம். வாய்விட்டு எண்ணினேன். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு." அங்கே ஒயர் முறுக்கிக்கொண்டது, நிறுத்தினேன்.

"ஐந்து" என்றாள் அம்மா.

நான் திரும்பவில்லை. நாட் போட்டேன். "ஆறு" என்றாள். "ஏழு." ஒரு சாவியும் இல்லை. நான் போட அவள் எண்ண, இருபத்தெட்டுவரை தெளிவாக வந்தாள். குரல்கூடப் பழைய குரல்.

பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மாவுக்கு உடனே போன் செய்தேன். எண்ணிக்கை, ஜெபம், பாட்டு இவையெல்லாம் பழகிய தடத்தில் தாமே ஓடும், அதைப் பேச்சு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு பயிற்சி கொடுக்கலாம், தினமும் செய்யுங்கள் என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். போனை வைத்த பிறகு அந்த 'ஆனால்'வரை மட்டும் மனதில் நின்றது. பிறகு 'ஆனால்'-க்குப் பின்னால் உள்ளதைப் பிடித்துக்கொண்டேன்.

ராத்திரி ஜெபமாலை எடுத்தேன். "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். அம்மா தொடர்ந்தாள். ஐம்பத்து மூன்று மணியும் சொன்னாள். நான்தான் நடுவில் இரண்டு முறை விட்டுவிட்டேன்.

டிசம்பர் 4

எண்ணுவதற்காக மட்டும் நான்கு வரிசை பின்னினேன். முதுகு வலிக்கிறது.

டிசம்பர் 6

பன் மாவு. மைதா 300 கிராம், பால், ஈஸ்ட், கொஞ்சம் வெண்ணெய். பிசியோதெரபி தம்பி கொடுத்த ரப்பர் பந்தை அம்மா தொடவே மாட்டேன் என்கிறாள், தள்ளிவிடுகிறாள். பிசைந்த மாவில் ஒரு உருண்டையை எடுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே அவள் வலது உள்ளங்கையில் வைத்தேன். தள்ளவில்லை. இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். மாவு விரல் இடுக்கில் பிதுங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அமுக்கினாள்.

அந்த உருண்டையைத் தனியாகச் சுட்டேன். ஐந்து விரல் பள்ளமும் மேலோட்டில் அப்படியே பழுப்பாக வந்திருந்தது. சுண்டுவிரல் பள்ளம் மட்டும் ஆழமில்லை.

டிசம்பர் 7

அவர், நான் அந்தப் பன்னைச் சாப்பிடாமல் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை மட்டும் எறும்பு ஏறாத தட்டுக்கு மாற்றியிருக்கிறார்.

டிசம்பர் 8

மாதா திருநாள். போன வருடம் அம்மாவோடு பனிமய மாதா கோயிலுக்கு நடந்தே போனேன். இன்று கோயில் மணி கேட்டவுடன் அவள் இடக்கையால் சிலுவை போட்டாள். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, வலக்கையை இடக்கையால் தூக்கி நெற்றிவரை கொண்டுபோனாள்.

டிசம்பர் 10

பதினான்கு. இரண்டு முறை அளந்தேன், டேப்பிலும் ஒரு முறை. பதினான்கு.

டிசம்பர் 11

தூக்கமில்லாத ராத்திரி. இருமல். புரை ஏறியிருக்குமோ என்று விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கூடை, மாவு எதையும் தொடவில்லை. ஜாடியை மறந்தேன்.

டிசம்பர் 12

காய்ச்சல் இல்லை. சளி மட்டும்தான் என்றார்கள். இப்போது தூங்குகிறாள். நானும் தூங்கப் போகிறேன்.

டிசம்பர் 15

மழை விட்டது, முதல் முறையாக முழு வெயில். முந்திரியைத் தட்டில் காயவைத்தேன். உப்பளத்து அக்காவின் பிள்ளைகள் காக்கை விரட்டினார்கள், கூலியாகக் கொஞ்சம் முந்திரி.

மக்ரூன் இரண்டாம் முறை. ஆறியவுடன் டப்பாவில் போட்டு மூடினேன். நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தபோதும் மொறுமொறுப்பாக இருந்தது. அம்மா டப்பாவையே பார்த்தாள். "கூடாதும்மா" என்றேன். "சாவி" என்றாள், கோபமாக. இந்தச் சாவிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

டிசம்பர் 17

டாக்டரம்மா வந்தார். விழுங்குவதைச் சோதித்துப் பார்த்தார். பாலில் நன்றாக ஊறவைத்துக் குழைத்த கேக், ஒரு வாய்க்கு அரைத் தேக்கரண்டி, நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில், தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. மக்ரூன்? பார்க்கலாம் என்றார்.

அரைத் தேக்கரண்டி! ரம் ஜாடியைத் தொடாமல் அம்மாவுக்கென்று தனியாகக் கிஸ்மிஸை ஆரஞ்சுச் சாற்றில் வேகவைத்து அரைத்துச் சேர்க்க வேண்டும். பருப்பு, செர்ரி ஒன்றும் கூடாது. சின்னத் தகரம் ஒன்று தேட வேண்டும்.

டிசம்பர் 19

சர்க்கரை கருக்கினேன். கேக்கின் கருமை இதில்தான் இருக்கிறது. பொன்னிறத்தில் இறக்கினால் இனிப்பு மட்டும்தான் வரும், ஒரு நொடி தாண்டினால் கரிக்கசப்பு. புகை எழும்பி, ஓரத்தில் நுரை செம்பு நிறமானவுடன் வெந்நீரை ஊற்ற வேண்டும், சீறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். சரியாக வந்தது. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மோந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். முன்பெல்லாம் இதைக் கருக்குவது அவள்தான், என்னை அடுப்புப் பக்கம் விடமாட்டாள்.

டிசம்பர் 20

160 டிகிரி. பெரிய தகரம் ஒன்றே முக்கால் மணி நேரம், சின்னது முப்பத்தைந்து நிமிடம். ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வந்தது.

அரைத் தேக்கரண்டி. தாடை தாழ்த்தி. விழுங்கினாள். இருமல் இல்லை. வாயைத் திறந்தாள். இன்னொரு அரை.

டிசம்பர் 21

சித்திக்கு ஒரு கிலோ போய்விட்டது. தம்பிக்கு மஸ்கட்டிலிருந்து டிக்கெட் கிடைத்துவிட்டது, 24 காலை வருகிறான். அம்மாவிடம் சொன்னேன். "சாவி வருகிறான்" என்றாள். 'வருகிறான்' என்று சொன்னாள்! 'வருகிறான்' புதுச் சொல்.

டிசம்பர் 22

பதினான்கேகால்.

கூடையில் இன்னும் இரண்டு வரிசையும் கைப்பிடியும் பாக்கி. அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வெட்டு ஒயர் நுனிகளைத் தன் மடியில் போட்டுக்கொண்டு இடக்கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். பதினேழு வரை எண்ணினோம். அங்கே சந்தன நிற ஒயர் தீர்ந்துவிட்டது. நான் முடிச்சுகளை அதிகமாக இறுக்கியிருக்கிறேன், அதனால் குறைந்திருக்கும். பச்சையில் முடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். காலையில் கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும், அதே நிறம் இருக்க வேண்டும், இல்லையென்றால்